எலும்பு மஜ்ஜையும் மரக்காளானும்



ஸ்டெம் செல் சிகிச்சைக்கு மருந்துக் காளான்கள் துணையாகுமா என்று திருவனந்தபுரத்தில் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவன் அல்லன். தாவர நோயியல் சொல்லிக்கொடுத்தவன். மரத்துக்கு வரும் நோயைப் பார்த்தே காலம் போயிற்று. ஆனாலும் இந்தத் தலைப்பை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு துணிச்சல் உண்டு. கதையின் நாயகன் எங்கள் பக்கத்து ஆள்.

கானோடெர்மா என்ற பேரை இப்போது காபிப் பொட்டலத்திலும் மாத்திரைக் குப்பியிலும் பார்க்கிறீர்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு அது முன்பே அறிமுகமான பெயர். 1952இல் தஞ்சை மாவட்டத் தோப்புகளில் தலைகாட்டியதால் அந்த நோய்க்குத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தூரிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு கசியும். அடிமட்டைகள் ஒவ்வொன்றாய்த் தொங்கும். குரும்பை உதிரும். கடைசியில், மரம் சாகும் தறுவாயில், தூரை ஒட்டி அரைவட்டத் தட்டுப்போல ஒரு காளான் புறப்படும். மேலே அரக்குப் பூசியதுபோலச் செம்மினுமினுப்பு, விளிம்பில் வெள்ளைக் கரை, அடியில் ஊசிமுனையால் குத்தியதுபோல எண்ணற்ற துளைகள். அந்தத் துளைகளிலிருந்து கொட்டும் வித்துத்தூள் பக்கத்துப் புல்லின்மேலும் தன் தலைமேலுமே கோகோப் பொடி தூவியதுபோலப் படிந்திருக்கும். மரத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 1 சத போர்டோ கலவை 40 லிட்டர் என்று விவசாயிகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். நாங்கள் ஒழிக்கப் பார்த்த பூஞ்சையின் உறவுக்காரனைத்தான் சீனத்தில் ஆயுள் கூட்டும் மருந்தென்று கொண்டாடினார்கள்.

அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஸ்டெம் செல் குடியிருக்கும் மஜ்ஜைக்கு வருவோம்.

1961இல் கனடாவின் டொராண்டோ நகரில் டில், மக்குல்லோ என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து மண்ணீரலில் சிறு முடிச்சுகள் எழும்பின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகிய குடும்பம் என்று பின்னர் உறுதியாயிற்று. ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல் உண்டு என்பதற்கு அளந்து காட்டக்கூடிய சான்று அப்படித்தான் கிடைத்தது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அதற்குச் சற்று முன்பே, 1957இல், மருத்துவர் டொனால் தாமஸ் கையில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கியது.

இன்று ‘ஸ்டெம் செல்’ என்று பலகை மாட்டி மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் முடி கொட்டுவதற்கும் ஊசி போடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதில் ஒளிவுமறைவு இல்லாதவை. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை ஸ்டெம் செல் மாற்றுக்கு மட்டுமே சிகிச்சை என்ற தகுதி. மற்றவையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டத்தில் உள்ளவை. ஆகவே, காளான் துணைநிற்குமா என்று கேட்டால், நான் மஜ்ஜை மாற்றை மட்டும் மனத்தில் வைத்துத்தான் பதில் சொல்வேன். மற்றதற்கு முதலில் சிகிச்சை நிலைநாட்டப்பட வேண்டும். துணையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மஜ்ஜை மாற்றில் நடப்பது இதுதான். கடுமையான கீமோ மருந்தால், சிலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்து, நோயாளியின் மஜ்ஜையைக் காலி செய்வார்கள். பிறகு ஸ்டெம் செல்லை ஒரு ரத்தப் பைபோலத் தொங்கவிட்டு நாளத்தில் இறக்குவார்கள். பார்ப்பவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும். இதற்கா இத்தனை ஏற்பாடு என்று தோன்றும். அந்தச் செல்கள் தாமே வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குப் போய்க் குடியேறும். இரண்டு முதல் நான்கு வாரம் வரை வெள்ளணு ஏறக்குறைய இல்லாத நிலை. அந்த நாட்களில் குடும்பம் முழுதும் காலையில் வரும் ரத்த அறிக்கையின் ஒரே ஓர் எண்ணைப் பார்த்தபடி வாழும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை 500ஐத் தாண்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் செல் பற்றிக்கொண்டது என்று மருத்துவர் சொல்வார்.

அந்த எண்ணை ஏற்றத்தான் காளானைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை.

காளானின் செல்சுவரில் பீட்டா-குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் உடம்பு அதை உண்டாக்குவதில்லை. அதனால் கண்டால் அந்நியன் என்று அறிந்துகொள்ளும். அதற்கென்றே நம் பாதுகாப்புச் செல்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி இருப்பது 2001இல் தெரிந்தது. வாய்வழி கொடுத்த பீட்டா-குளுக்கானைக் குடலில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, மஜ்ஜை வரை சுமந்துபோய்த் துண்டு துண்டாக வெளியிடுகின்றன என்று எலிகளில் 2004இல் காட்டினார்கள். 2018இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழுவினர் ‘செல்’ இதழில் ஒரு படி மேலே போனார்கள். பீட்டா-குளுக்கான் பெற்ற எலிகளில் மஜ்ஜையின் முன்னோடிச் செல்களே பெருகின. அதன்பின் கீமோ மருந்து கொடுத்தபோது அந்த எலிகளின் மஜ்ஜை மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது.

நியூயார்க்கில் மைடாகே என்ற ஜப்பானியக் காளானின் சாற்றை மஜ்ஜைச் செல்களிலும் தொப்புள்கொடி ரத்தச் செல்களிலும் கலந்து பார்த்தார்கள். குடுவைக்குள் செல் கூட்டங்கள் அதிகமாக வளர்ந்தன. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் கடுமையும் குறைந்தது. பிறகு மஜ்ஜை பழுதான 18 நோயாளிகளிடம் 12 வாரம் கொடுத்தார்கள்; 2015இல் முடிவு வந்தது. அவர்களின் வெள்ளணுக்கள் ஆய்வகச் சோதனையில் முன்னைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தன. நல்ல செய்திதான். ஆனால் 18 பேர், ஒப்பிட எதிரணி இல்லை, மஜ்ஜை மாற்றும் நடக்கவில்லை. விளம்பரத்தில் இந்த மூன்றும் காணாமல் போய்விடும்.

நம் பக்கத்து வேலையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. திருச்சூர் அமலா புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் கே. கே. ஜனார்த்தனன் குழுவினர் தென்னிந்தியக் காடுகளிலும் தோப்புகளிலும் கிடைக்கும் கானோடெர்மாவை எடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்தால் எலியின் சிறுநீரகத்துக்கு வரும் சேதத்தை அது குறைப்பதாக 2003இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதே காளானின் சர்க்கரைச் சங்கிலிகள் காமாக் கதிரின் தாக்கத்திலிருந்து எலிகளைக் காப்பதாக 2008இல் மற்றொரு கட்டுரை வந்தது. பலாமர அடித்தண்டில் வளரும் ஃபெல்லினஸ் என்ற கட்டைக் காளானையும் அவர்கள் விடவில்லை. கேரளப் பழங்குடியினர் அதைப் பொன்னுக்கு வீங்கிக்குப் பயன்படுத்துவதைக் கேட்டறிந்துதான் எடுத்தார்கள். குறைந்த வசதியில் நேர்மையாகச் செய்த வேலை என்பது என் மதிப்பீடு. ஆனால் எலியில் தொடங்கியது எலியிலேயே நின்றது. இங்கே இதுதான் வழக்கம்: முனைவர் பட்டம் கிடைத்ததும் காளான் மறுபடி காட்டுக்குப் போய்விடும்.

இதில் எங்கள் துறையின் குடைச்சல் ஒன்று உண்டு. எது கானோடெர்மா லூசிடம்? அந்தப் பெயர் 1781இல் இங்கிலாந்தில் கிடைத்த ஒரு காளானுக்கு வைத்தது. சீனத்து மருந்துக் காளான் அந்த இனமே அல்ல என்று 2012இல் பிரித்து, கானோடெர்மா லிங்ஜி என்று வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். தஞ்சைத் தென்னையிலும், சாலையோரப் புளியிலும் குல்மொஹரிலும் நாம் பார்த்து லூசிடம் என்று எழுதிவைத்தவை எத்தனை இனங்கள் என்பது டி.என்.ஏ. பார்த்தால்தான் தெரியும். பெயர் மாறினால் உள்ளே உள்ள ரசாயனமும் மாறும். அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 19 கானோடெர்மாப் பொருள்களைச் சோதித்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. லேபிளில் சொன்னபடி இருந்தவை ஐந்தே ஐந்து.

மார்த்தாண்டத்திலிருந்து என் தங்கை மகள் அப்படி ஒரு குப்பியோடுதான் வந்தாள். அவள் மாமனாருக்கு ரத்தப் புற்று, இங்கே சிகிச்சை. குமரி, நெல்லை மாவட்டத்தார் பலருக்கும் பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம்தானே. “ரெண்டு நேரம் வெந்நீர்ல கலக்கிக் குடுத்தா ரத்த அணு ஏறும்னு சொல்லுதாங்க மாமா, குடுக்கலாமா?” என்றாள். குப்பியின் முன்பக்கம் பளபளவென்று ஒரு சிவப்புக் காளான். பின்பக்கம் மைசீலியப் பொடி என்று பொடி எழுத்தில் இருந்தது. காளான் அல்ல, தானியத்தின்மேல் வளர்த்த பூஞ்சை இழை. அதைத் தானியத்தோடு சேர்த்து அரைத்தால் பொடியில் பீட்டா-குளுக்கான் எவ்வளவு, சாதாரண மாவு எவ்வளவு என்று யார் சொல்வது? இனம் எது, எந்த மரத்தில் அல்லது எந்த ஊடகத்தில் வளர்த்தது, ஒன்றுமில்லை. விலை மட்டும் தெளிவாக இருந்தது. “மருத்துவரிடம் காட்டினாயா?” என்றேன். “திட்டுவாங்க” என்றாள். குப்பிகள் தலையணைக்கு அடியில் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான். கேட்டால் திட்டாத மருத்துவர் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நான் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ‘எதிர்ப்பாற்றலைக் கூட்டும்’ என்று குப்பியில் போட்டிருக்கிறதே, பிறர் மஜ்ஜை பெற்றவருக்குப் பல மாதங்கள் அதைக் கூட்டக் கூடாது. அடக்கித்தான் வைக்க வேண்டும்.

பிறர் மஜ்ஜை வந்து குடியேறும்போது அதோடு அவருடைய பாதுகாப்புச் செல்களும் வருகின்றன. அவற்றுக்கு நோயாளியின் தோல், குடல், கல்லீரல் எல்லாம் அந்நியம். தாக்குதல் கடுமையாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாதாரண உறுப்பு மாற்றில் உடம்பு உறுப்பை மறுக்கும். இங்கே வந்தவர் வீட்டுக்காரரையே வெளியேற்றப் பார்க்கிறார். இதை அடக்க முடியாததால்தான் முதல் இருபது ஆண்டுகள் இந்தச் சிகிச்சை தள்ளாடியது.

அடக்கியது ஒரு பூஞ்சை. ஸ்விட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஒரு வழக்கம் இருந்தது: விடுமுறைக்குப் போகிற ஊழியர்கள் போன இடத்து மண்ணை ஒரு பையில் கொண்டுவர வேண்டும். 1969இல் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலிருந்து வந்த மண்ணில் ஒரு பூஞ்சை முளைத்தது. கிருமிகொல்லி தேடித்தான் வளர்த்தார்கள். அந்த வகையில் அது உருப்படவில்லை. 1972இல் ஷான் போரெல் குழுவினர் அதன் சாறு, மற்ற செல்களைக் கொல்லாமல் எதிர்ப்பாற்றலை மட்டும் அடக்குவதைக் கண்டார்கள். சைக்ளோஸ்போரின் வந்தது. 1978இல் லண்டனில் மஜ்ஜை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1983இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இன்று வேலூரிலோ மும்பையிலோ பிறர் மஜ்ஜை பெறும் பலருடைய மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கும்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். அந்தப் பூஞ்சை ஆய்வகத்தில் வெறும் இழையும் தூளுமாகத்தான் தெரியும். அதன் முழு உருவம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. நியூயார்க் மாநிலக் காடொன்றில் மாணவர்களோடு போன வகுப்புப் பயணத்தில், மக்கிய மரத்துக்குள் இருந்த வண்டுப் புழு ஒன்றின் உடலைத் துளைத்துக்கொண்டு ஒரு சிறு காளான் நின்றதைக் கண்டெடுத்தார்கள். வளர்த்துப் பார்த்தால் அதே பூஞ்சை. 1996இல் கேத்தி ஹாட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர் அதை எழுதினார்: அது கார்டிசெப்ஸ் குடும்பத்துக் காளான். இமயமலையில் கம்பளிப் புழுவின் தலையில் முளைத்து, தங்க விலைக்கு ‘ஆற்றல் கூட்ட’ விற்கிறதே, அதன் பங்காளி. விற்பவர் கூட்டுவதாகச் சொல்லும் குடும்பத்திலிருந்து மருத்துவம் எடுத்துக்கொண்டது அடக்குவதை.

இன்னும் இரண்டு உண்டு. மைக்கோஃபினோலேட் என்ற மருந்தின் மூலப்பொருளை 1893இல் பார்டோலோமியோ கோசியோ என்ற இத்தாலியர், மக்காச்சோளத்தைக் கெடுக்கும் பூஞ்சையிலிருந்து எடுத்தார். நூறாண்டு கழித்து அது எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தாயிற்று. காஸ்போஃபன்ஜின், ஸ்பெயினின் லோசோயா ஆற்றங்கரைப் பூஞ்சையிலிருந்து வந்தது. வெள்ளணு இல்லாத வாரங்களில் பூஞ்சைத் தொற்றைத் தடுக்கவும் தணிக்கவும் கொடுக்கிறார்கள். அது எதைத் தடுக்கிறது தெரியுமா? பீட்டா-குளுக்கான் உருவாவதை. பகைப் பூஞ்சை தன் சுவரைக் கட்ட முடியாமல் சாகிறது. நோயாளியின் உடம்புக்குள் பூஞ்சை பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனைகளில் ஒன்றும் இதே பீட்டா-குளுக்கானைத்தான் தேடுகிறது. ஜப்பானில் 1985இல் வயிற்றுப் புற்றுக்குத் துணைமருந்தாக அனுமதி பெற்ற லென்டினான், சிப்பிக் காளான் பக்கத்திலேயே இப்போது கடைகளில் கிடைக்கும் ஷிடாகேயின் பீட்டா-குளுக்கான். அதை நாளத்தில் செலுத்தியவருக்கு இந்தச் சோதனை பொய்யாக ஆபத்துக் காட்டிவிடும். இல்லாத தொற்றை மருத்துவர் துரத்திக்கொண்டிருப்பார்.

காளான் பொருள்கள் ஸ்டெம் செல் சிகிச்சைக்குத் துணையா என்றால், துணைதான். நாற்பது ஆண்டுகளாகவே துணை. எந்தப் பூஞ்சை, எந்த மூலக்கூறு, எத்தனை மில்லிகிராம், சிகிச்சையின் எந்த நாள் என்று தெரிந்த இடத்தில் துணை. இவை தெரியாத குப்பியிலிருப்பது, கூட்டுமா குறைக்குமா என்று சொல்ல முடியாத ஒன்று.

தெரிந்துகொள்வது எப்படி? மனிதரிடம் கொடுத்துப் பார்த்துத்தான். அந்த இடத்தில் இந்த ஊருக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 1999 நவம்பரிலிருந்து 2000 ஏப்ரல் வரை, இங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அமெரிக்கப் பாலைவனப் புதர் ஒன்றின் சாற்றிலிருந்து உருவாக்கிய வேதிப்பொருளைக் கட்டியில் ஊசியாகப் போட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் கண்டுபிடிப்பு அது. மையத்தின் மருத்துவர் ஒருவரே கேள்வி எழுப்ப, 2001இல் செய்தி வெடித்தது. அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய விசாரணையில், தங்கள் நெறிக்குழுவின் அனுமதி பெறப்படவில்லை, மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் நச்சுத்தன்மை போதிய அளவு பார்க்கப்படவில்லை என்று தெரிந்தது. இனி மனித ஆய்வுக்கு அவர் தலைமை ஏற்கக் கூடாது என்றும் முடிவாயிற்று. இயற்கையிலிருந்து வந்தது என்ற ஒன்றே நம்மை எவ்வளவு தூரம் அசட்டையாக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நெருக்கமான உதாரணம் இல்லை.

அதே மையம்தான் இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 1,90,000 பேரைச் சேர்த்து, வாயைத் திறந்து பார்ப்பது என்ற எளிய சோதனையால் புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க முடியும் என்று 2005இல் ‘லான்செட்’ இதழில் நிறுவியது. சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக ஏறி இறங்கிச் செய்த வேலை அது. ஒரே கூரையின் கீழ் இரண்டும் நடந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்தைச் சோதிப்பது ஒரு பக்கம்; அதைச் சொல்லிக்கொடுத்தவருக்குச் சேர வேண்டியது மறுபக்கம். அதற்காகப் பாலோடு தாவரவியல் தோட்டத்தின் கதைக்கு வருகிறேன். 1987இல் ப. புஷ்பாங்கதன் குழுவினர் அகத்தியர் மலையில் ஏறும்போது, மூச்சு வாங்கியது ஆராய்ச்சியாளர்களுக்கு. வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்களுக்கு அல்ல. அவர்கள் இடையிடையே ஏதோ காயைக் கொறித்தார்கள். தயங்கித் தயங்கிக் காட்டிக்கொடுத்த செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் தோட்டம் அதிலிருந்து ‘ஜீவனி’ உருவாக்கி, கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சத உரிமைத்தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு. அதைப் பெற 1997இல் அவர்கள் அறக்கட்டளை பதிவு செய்தார்கள். பிறகு காட்டிலிருந்து செடியைத் திருட்டுத்தனமாகப் பிடுங்கியதும், வனத்துறை தடுத்ததும், உரிமம் முடிந்து வருமானம் வற்றியதும் தனிக்கதை. குறை இருந்தாலும், சொன்னவருக்குப் பங்கு என்ற கணக்கை உலகமே பேச வைத்தது அந்த ஒப்பந்தம். பலாமரக் காளானின் பயனைச் சொன்ன பழங்குடிக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் இன்னும் எழுதவில்லை.

நான் கேட்பது பெரிய மருத்துவமனை அல்ல. பாலோட்டில் பூஞ்சை மாதிரிக்கூடம் இருக்கிறது. முதலில், தென்கேரளத்திலும் குமரியிலும் கிடைக்கும் கானோடெர்மாவையும் ஃபெல்லினஸையும் மரம், இடம், தேதியோடு எடுத்து, டி.என்.ஏ. பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து அங்கே வைக்கட்டும். மருந்தென்று எதை ஆராய்ந்தாலும் அந்த எண்ணைச் சொல்லாமல் கட்டுரை எழுதக் கூடாது. அடுத்தது, பிரசவ அறையில் வீணாகப் போகும் தொப்புள்கொடி ரத்தத்தைத் தாயின் ஒப்புதலோடு பெற்று, நியூயார்க்கில் செய்ததை நம் காளான்களில் செய்து பார்ப்பது. அதற்கான ஆய்வகங்கள் இந்த நகரத்திலேயே உண்டு. அதில் தேறியது மனிதருக்குப் போகும்போது, பிறர் மஜ்ஜை பெற்றவர்களிடம் தொடங்க வேண்டாம். தன் சொந்த ஸ்டெம் செல்லையே திரும்பப் பெறும், மையலோமா என்ற மஜ்ஜைப் புற்று நோயாளிகளிடம் தொடங்கலாம். அவர்களுக்கு வந்தவர் வீட்டுக்காரரைத் தாக்கும் ஆபத்து இல்லை. ஆனால் மையலோமா செல்லும் மஜ்ஜையில் வாழ்வதுதான். காளான் அதற்கும் தீனி போடாது என்று குடுவையில் முன்பே பார்த்துவிட வேண்டும். ஆய்வு தொடங்குமுன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 2009 முதல் அது கட்டாயம்தான். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டும் இருந்தால் போதாது. எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகத் தமிழிலும் இருக்க வேண்டும்.